தாத்தா 2

1987 முதல் 2002 வரை தண்டையார்பேட்டையில் ஒரு ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தேன். வெற்றுக் கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொண்டுவருவார்கள், இரண்டு நாளில் பதிந்து கொடுப்போம். சட்டப்படி அது சரியா என்று யாரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. புதுக் கேசட்டுக்குக் காசில்லாதவர்கள் வீட்டில் கிடக்கும் பழைய கேசட்டை நீட்டி, "இதுமேலயே போட்டுக் குடுங்கண்ணா" என்பார்கள். தவறி மேலே பதிந்துவிடாமல் இருக்கக் கேசட்டின் முதுகில் சின்ன பிளாஸ்டிக் லாக் இருக்கும், அதை உடைத்திருந்தால் அந்த ஓட்டையில் செல்லோடேப்பை ஒட்டிவிட்டு மேலேயே பதிவோம். உள்ளே என்ன இருக்கிறது என்று போட்டுக் கேட்டதாக நினைவில்லை.

கடையை மூடிப் பல வருஷம் கழித்து, ராயபுரம் பக்கத்தில் ஒரு பழைய கத்தோலிக்கப் பங்குக் கோயிலிலிருந்து ஆள் வந்தது. கோயில் பெயர் வேண்டாம். நான் அந்தப் பங்கைச் சேர்ந்தவனும் இல்லை, கிறிஸ்தவனும் இல்லை. "கேசட் தெரிந்தவர் நீங்கள் ஒருத்தர்தான் இருக்கீங்க" என்றார் பங்குத்தந்தை. பெருமையாக இருந்ததா, வயசாகிவிட்டதே என்று இருந்ததா, தெரியவில்லை. போனேன்.

மாடியில் ஓர் அறை. இடப்பக்கம் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள், துணி பைண்டிங் போட்டு, அந்துருண்டை வாசனையோடு வரிசையாக இருந்தன. பங்குப் பதிவேடுகளைக் காப்பது திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது, 535-ஆம் விதி. ஆயர் பார்வையிட வரும்போது அவற்றை எடுத்து வைக்க வேண்டும். ஆகவே அவை பத்திரம். வலப்பக்கம் ஒரு இரும்பு பீரோ. அதன் அடித்தட்டில் பழுதான கூம்பு ஒலிபெருக்கி, கிறிஸ்துமஸ் நட்சத்திரக் கம்பி, இவற்றோடு இரண்டு பிஸ்கட் டின்னில் 112 கேசட். 1984-இலிருந்து ஐந்தாறு வருஷம் அந்தப் பங்கில் இருந்த ஒரு சாமியார், கையடக்க டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வீடுவீடாகப் போய்க் கிழவன் கிழவிகளைப் பேசவைத்துப் பதிந்தவை அவை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

முதல் வேலையாக ஒலிபெருக்கியை அப்புறப்படுத்தினேன். அதன் பின்னால் இருக்கும் காந்தம் கேசட்டை ஒட்டி இருந்தால்தான் ஆபத்து, ஒரு முழம் தள்ளி இருந்தால் பயமில்லை. ஆனாலும் கண்ணில் படும் வரை மனசு கேட்கவில்லை. இரண்டாவது, ஒவ்வொரு கேசட்டிலும் இரண்டு லாக்கையும் உடைத்தேன். கேசட்டை ஓட்டவும் பதியவும் செய்யும் டெக்கில் தவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினால் ஒரு நொடியில் நாற்பது வருஷம் போய்விடும். மூன்றாவது, ஒவ்வொன்றையும் செல்போனில் படம் எடுத்தோம்: கேசட்டின் இரு பக்கம், அட்டை, அட்டையின் முதுகு, உள்ளே செருகிய துண்டுச் சீட்டு. ஒரு சீட்டில் பென்சிலால் நாலு பெயர், அதன் பின்பக்கம் மளிகைக் கடை பில். கேசட்டுகள் பாதிக்குமேல் தம் பெட்டியில் இல்லாமல் வேறு பெட்டிக்குள் இருந்தன. எது எந்தப் பெட்டியில் இருந்ததோ அப்படியே முதலில் படம் எடுத்துவிட வேண்டும். அடுக்கிவைத்து அழகு பார்த்துவிட்டால் அந்தத் துப்பும் போய்விடும்.

ஒரு கேசட்டில் "தாத்தா 2" என்று மட்டும் எழுதியிருந்தது. யார் தாத்தா என்று இல்லை. "தாத்தா 1" டின்னில் இல்லை.

இனி இயந்திரம். கடையை மூடும்போது டெக்கை விற்றுத் தொலைத்திருந்தேன். அதனால் கம்ப்யூட்டரில் நேரே செருகும் ஒரு மலிவு கேசட் பிளேயரை வாங்கினேன். அதில் எல்லோரும் தண்ணீருக்கு அடியிலிருந்து பேசினார்கள். மோட்டார் ஒரே வேகத்தில் ஓடாது, குரல் நடுங்கும். இதை யாரும் வாங்க வேண்டாம். அப்புறம் மூர் மார்க்கெட் பக்கம், பர்மா பஜார், ரிச்சி தெரு என்று அலைந்து, பழைய டெக் ஒன்று கிடைத்தது. திறந்தால் உள்ளே பெல்ட் தார் மாதிரி உருகிக் கிடந்தது. பழைய டெக் எது வாங்கினாலும் பெல்ட்டும் ரப்பர் ரோலரும் மாற்றும் செலவைச் சேர்த்தே விலை பேசுங்கள். நாடாவைத் தொட்டுச் சத்தத்தைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும், ஒவ்வொரு நாலைந்து கேசட்டுக்கும் ஒரு முறை. மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும், அது ஆகாது.

கோயில் கேசட்டை எடுப்பதற்கு முன் உதவாக்கரைக் கேசட் பத்தை ஓட்டிப் பார்த்தேன். டெக் நாடாவைத் தின்றால் அதைத் தின்னட்டும் என்றுதான்.

கேசட்டைத் திறப்பது இன்னும் கைக்கு மறக்கவில்லை. நாடா ஹெட்டில் அழுந்துவதற்காக உள்ளே செம்புத் தகட்டில் ஒரு சின்ன வெல்வெட் துண்டு ஒட்டியிருக்கும். சென்னைப் புழுக்கத்தில் அந்தக் கோந்து காய்ந்து துண்டு விழுந்துவிடும். நாடா நன்றாகவே இருக்கும், சத்தம் மட்டும் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி கேட்கும். கேசட் போய்விட்டது என்று குப்பையில் போடுவார்கள். ஐந்து ஸ்க்ரூவைக் கழற்றி, உதவாக்கரைக் கேசட்டிலிருந்து அந்தத் தகட்டை இடுக்கியால் எடுத்து இதில் வைத்தால் குரல் திரும்பி வந்துவிடும். ஸ்க்ரூ இல்லாமல் ஒட்டிய கேசட் என்றால் மூட்டில் பிளேடு வைத்து மெல்ல நெம்பி, நாடாச் சுருளை வேறு கூட்டுக்குள் மாற்ற வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு செய்கிற வேலை. ஃபேனை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். ஒரு முறை நிறுத்தாமல் செய்தேன், ஒரு கேசட்டின் முழு நாடாவும் தரையெல்லாம் பரவிவிட்டது. பென்சிலால் சுற்றி எடுக்க ஒரு மாலை ஆனது.

பூசணம் பிடித்தவை பதினொன்று இருந்தன. கேசட்டின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் சுருளின் விளிம்பில் வெள்ளையாகத் தெரியும். அவற்றைத் தனி டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டுக் கடைசிக்குத் தள்ளிவைத்து, வேறொரு பழைய டெக்கில், முகமூடி போட்டுக்கொண்டு ஓட்டினோம். நல்ல டெக்கில் போட்டால் அடுத்த கேசட்டுக்கும் தொற்றும்.

ஹெட் டியூனிங்கைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஹெட்டுக்குப் பக்கத்தில் சின்ன ஸ்க்ரூ ஒன்று இருக்கும். அந்தச் சாமியாரின் ரெக்கார்டரில் ஹெட் சற்றே சாய்ந்திருந்திருக்கிறது. என் டெக்கில் ஓட்டினால் எல்லோரும் வாயில் வெற்றிலையோடு பேசினார்கள். ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிக்கொண்டே, ‘ச’, ‘ஸ’ வரும் இடங்களைக் கேட்க வேண்டும். ஓர் இடத்தில் ஜன்னல் திறந்த மாதிரி குரல் தெளியும். அங்கே நிறுத்த வேண்டும். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். பின்னால் கம்ப்யூட்டரில் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டால் அது நடக்காது. இங்கே தவறவிட்ட சத்தம் கோப்புக்குள் வரவே வராது.

பதிந்தது சுருக்காத வேவ் கோப்பாக, 96 கிலோஹெர்ட்ஸ் (ஒரு நொடிக்கு 96,000 முறை ஒலியை அளப்பது), 24 பிட் நுணுக்கத்தில். ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கம் குறைந்தபட்சம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்கிறது. கையடக்க ரெக்கார்டரில் பதிந்த பேச்சுக்கு அதுவே போதும் என்றாலும், இரண்டாம் முறை ஓட்ட நாடா தாங்குமோ தாங்காதோ என்று கூடுதலாக வைத்தேன். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு ஜிபி, மொத்தமும் 300 ஜிபிக்குள் அடங்கிவிட்டது. பதிவு மோனோதான், ஒரே சேனல். ஆனாலும் இரண்டு சேனலையும் எடுத்தோம். ஒன்றில் தூசி அடைத்த இடத்தில் இன்னொன்று கைகொடுக்கும்.

இரைச்சலை நீக்கும் வேலையை மூலக் கோப்பில் தொடவே கூடாது. முதல் வாரம் ஆர்வக்கோளாறில் ஒரு பாட்டியின் பதிவில் அலைச் சத்தத்தை நீக்கினேன். அலை போனது, பாட்டி மெதுவாகச் சொன்ன நாலு வாக்கியமும் கூடவே போனது. நல்ல வேளை, மூலம் தனியாக இருந்தது. காக்கா, மீன்பாடி வண்டி, பக்கத்து வீட்டுச் சண்டை, சுவர்க் கடிகாரம் எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தோம். கேட்பதற்கான எம்பி3 பிரதியில் வேண்டுமானால் லேசாகத் துடைக்கலாம்.

பாட்டரி தீர்ந்துகொண்டிருக்கும் ரெக்கார்டரில் பதிந்தவை வேறொரு தலைவலி. பதியும்போது மோட்டார் மெதுவாக ஓடியிருப்பதால் இப்போது ஓட்டினால் வேகமாக, கீச்சுக் குரலில் வரும். எண்பது வயதுக் கிழவர் பேச ஆரம்பித்து, பக்கம் முடிவதற்குள் பத்து வயதுப் பையனாகிவிடுவார். எவ்வளவு குறைப்பது? கரண்டில் ஓட்டிய பதிவு என்றால் பின்னால் ஒரு ‘ம்ம்ம்’ ரீங்காரம் இருக்கும், அது 50 ஹெர்ட்ஸ் என்று வைத்துக் கணக்குப் போடலாம். மின்தட்டுப்பாட்டுக் காலத்தில் நம் ஊர்க் கரண்ட் 50-இல் நின்றதில்லை என்பது வேறு கதை. பாட்டரியில் ஓட்டியதில் அந்த ரீங்காரமும் கிடையாது. எனக்கு உதவி செய்த கல்லூரிப் பெண் அந்தப் பங்கைச் சேர்ந்தவள். அவள்தான் சொன்னாள்: "அங்கிள், பின்னால கோயில் மணி கேக்குது. அதே மணிதான் இன்னும் தொங்குது." மணிக்கூண்டுக்குக் கீழே நின்று இன்றைய மணியைப் பதிந்தோம். அது 500 ஹெர்ட்ஸ் அருகே. கேசட்டில் 540. 500-ஐ 540-ஆல் வகுத்தால் 0.926. அதாவது வேகத்தை ஏழரை சதவீதம் குறைத்தால் கிழவர் திரும்பக் கிழவராகிவிடுவார். மணி கேட்கும் இடத்துக்குத்தான் அந்தக் கணக்கு துல்லியம், மற்ற இடத்தில் காதுதான். இதையும் பிரதியில்தான் செய்தோம், எத்தனை சதவீதம் என்று குறித்தும் வைத்தோம்.

இவ்வளவும் நான் சரியாகச் செய்தவை. பெரிய தப்பு ஒன்று செய்தேன்.

கோயில் வேலைகளைக் கவனித்துவந்த பழைய கோயில்பிள்ளை ஒருவர் இருந்தார். அந்தச் சாமியார் வீடுவீடாகப் போனபோது ரெக்கார்டர் பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனவர். முதல் வாரமே மாடிக்கு வந்தார். மூன்று கேசட்டைப் போட்டேன். வாயைத் திறந்த மாத்திரத்தில் "இது இன்னார், துறைமுகத்துல கூலி. இது அவரு மச்சினி, பர்மாவுலேர்ந்து வந்தவங்க" என்று சொல்லிக்கொண்டே போனார். "ஒண்ணு ஒண்ணா போட்டுக் காட்டுப்பா, எல்லாம் சொல்றேன்" என்றார். நான், "எல்லாத்தையும் மாத்தி முடிச்சிட்டு மொத்தமா வர்றேன் ஐயா" என்றேன். எனக்கு அப்போது ஹெட், பெல்ட், ஜிபி கவலை. மழைக்காலம் முடிவதற்குள் அவர் காலமாகிவிட்டார். நாற்பது வருஷம் காத்திருந்த நாடா இன்னும் ஆறு மாசம் காத்திருக்கும். எண்பத்தாறு வயசு மனுஷர் அப்படியா?

அதற்குப் பிறகு முறையைத் தலைகீழாக மாற்றினோம். பீரோவிலிருந்து எடுத்ததும் முதல் இரண்டு நிமிஷத்தை மட்டும் போனில் எடுத்துக்கொண்டு, ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் டீயோடு உட்கார்ந்துவிடுவோம். வயசானவர்களிடம் ஹெட்போன் தரக்கூடாது, காதில் மாட்டியதும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். சின்ன ஸ்பீக்கர் வைத்தால் நாலு பேர் சேர்ந்து கேட்பார்கள், ஒருத்தர் சொல்வதை இன்னொருத்தர் மறுப்பார், அந்தச் சண்டையில் பெயர் கிடைக்கும். அந்தச் சண்டையையும் பதிந்து வைத்தோம்.

எழுத்தாக்கும் வேலைக்கு ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஆறேழு மணி நேரம் போனது. கம்ப்யூட்டரே எழுதிவிடும் என்று ஒரு மென்பொருளைப் போட்டுப் பார்த்தோம். பிரசங்கத் தமிழை ஓரளவு பிடித்தது. கடற்கரைத் தமிழில் குப்புற விழுந்தது. ‘தெண்டி’ என்றால் கடலில் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டம். மென்பொருள் அதைத் ‘தொண்டி’ என்று எழுதி, காசிமேட்டு மீனவரை ராமநாதபுரம் மாவட்டத்துக்கு அனுப்பியது. எதிர் நீரோட்டமான ‘வன்னி’ வண்டியாகிவிட்டது. வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் மீனவர்கள் பேசிய எட்டுக் கேசட்டையும் முடித்தோம்.

அவர்கள் பேசியதில் எவ்வளவோ இருந்தது. துறைமுகம் கட்டிய பிறகு அதற்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமாக, வடக்கே கடல் கரையை அரித்துக்கொண்டே வந்தது என்பதைப் புத்தகத்தில் படிக்கலாம். கடலுக்குள் போன தெருவில் எந்த வீட்டுக்கு அடுத்து எந்த வீடு என்று கிழவி வரிசையாகச் சொல்வது இந்தக் கேசட்டில்தான் இருக்கிறது. 1921 பின்னி மில் வேலைநிறுத்தத்தின்போது வீட்டில் உலை வைத்த நாட்களை விரல் விட்டு எண்ணும் குரல் ஒன்று உண்டு.

தப்பும் உண்டு. ஒரு பாட்டி, எம்டன் விமானத்தில் வந்து குண்டு போட்டது என்கிறார். எம்டன் ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போனது. 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் ஒன்று வந்து குண்டு போட்டது. இரண்டு பயமும் பாட்டி மனசில் ஒன்றாகிவிட்டது. பங்குப் பேரவையில் ஒருவர் "அந்த இடத்தை வெட்டிடலாமே" என்றார். வெட்டவில்லை. எழுத்துப் படியில் அவர் சொன்னபடியே எழுதி, பக்கத்தில் குறிப்பு மட்டும் போட்டோம். இப்படிக் கலந்து நினைவில் நிற்கிறது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தானே.

வெட்டுவதைப் பற்றி இன்னொரு தகராறும் நடந்தது. ஒரு கேசட்டில், இன்றும் உயிரோடு இருக்கும் ஒருவரின் பிறப்பைப் பற்றி ஒரு பெண்மணி வெளிப்படையாகப் பேசிவிடுகிறார். திருவிழாவுக்குள் எல்லாவற்றையும் யூடியூபில் போட வேண்டும் என்று அவசரப்பட்டவர்களே, அதைக் கேட்டதும் கேசட்டையே எரித்துவிடலாம் என்றார்கள். நானும் ஃபாதரும் ஒரு வாரம் பேசினோம். அந்த அம்மா பேசியது வீட்டுக்கு வந்த சாமியாரிடம், இன்டர்நெட்டிடம் இல்லை. அதே சமயம், அழிக்க நமக்கு உரிமை இருக்கிறதா? கடைசியில் மூலக் கோப்பு முழுசாக, ஆனால் பூட்டில். பட்டியலில் "குடும்பச் செய்தி, திறக்கப்படாது" என்று ஒரு வரி. மற்ற கேசட்டுகளுக்கும் பேசியவரின் பிள்ளையோ பேரனோ கேட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வெளியாளுக்குக் கேட்கத் தருவது என்று முடிவு. வேலை தொடங்கும் முன்பே அந்தப் படிவத்தை அச்சடித்து வைத்திருக்க வேண்டும். நாங்கள் பின்னால் ஓடினோம்.

கோப்புகள் மூன்று பிரதி: இரண்டு ஹார்டு டிஸ்க், அவற்றில் ஒன்று வேறொரு ஊரில். மூன்றாவது இணையச் சேமிப்பில். வடசென்னை வெள்ளம் பார்த்தவனுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு செக்சம் எடுத்து வைத்திருக்கிறோம். கோப்பின் கைரேகை மாதிரி அது. ஆறு மாசத்துக்கு ஒரு முறை ஒப்பிட்டால் ஒரு பிட் கெட்டிருந்தாலும் தெரிந்துவிடும். கேசட்டுகளைத் தூக்கிப் போடவில்லை, நிமிர்த்தி வைத்திருக்கிறோம்.

"தாத்தா 2" மட்டும் பெயரில்லாமல் நின்றது. அது நடு வாக்கியத்தில் தொடங்கும்: "...அதுக்கப்புறம்தான் எண்ணெத் தொட்டி பத்திகினு எரிஞ்சுது. எங்கம்மா என்ன இடுப்புல தூக்கிகினு..." எம்டன் இரவைக் கண்ணால் பார்த்த ஒரே குரல் அதுதான். கதையின் தலை "தாத்தா 1"-இல். பேச்சின் நடுவே சுவர்க் கடிகாரம் ஒன்பது அடிக்கும். நான் பட்டியலில் "இரவு 9 மணி" என்று எழுதி வைத்திருந்தேன். அந்தக் கல்லூரிப் பெண் அதைக் கோடு போட்டு அடித்துவிட்டாள். கடிகாரத்துக்கு அடுத்து கோயில் மணி மூன்று மூன்றாக அடிக்கிறதே, அது மூவேளை ஜெப மணி, காலை ஆறு, மத்தியானம் பன்னிரண்டு, சாயங்காலம் ஆறு, இந்த மூன்று வேளைக்குத்தான் அடிப்பார்கள், ஒன்பதுக்கு இல்லை என்றாள். அப்படியானால் கடிகாரம்?

எட்டாவது ஞாயிறோ ஒன்பதாவதோ, எழுபது வயசு அம்மா ஒருவர் டீ டம்ளரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தாத்தா குரலுக்கு முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கடிகாரம் அடித்தது. எண்ணிக்கொண்டே வந்து, ஒன்பதில் சிரித்துவிட்டார்.

"இது எங்க வூட்டு கடியாரம்பா. ஆறுக்கு ஒம்பது அடிக்கும். எங்க மாமனார் கடைசி வரைக்கும் ரிப்பேர் பண்ண வுடல."

பெயர் கிடைத்தது, வயசு, தொழில், பிறந்த தெரு எல்லாம் கிடைத்தன. படிவத்தில் அவர் மகன் கையெழுத்துப் போட்டார். எழுந்து போகும்போதுதான் கேட்டேன், முதல் கேசட் ஒன்று இருந்திருக்க வேண்டுமே என்று.

"இருந்துச்சு. சாமி கேக்க குடுத்தாரு, வூட்லயே தங்கிடுச்சு. என் கொழுந்தன் கல்யாணத்துக்கு அதும்மேலயே பாட்டு பதிஞ்சி எடுத்தாந்துட்டான். தண்டையார்பேட்டையில ஒரு கட இருந்துதே..."

கடைப் பெயரை யோசித்துக்கொண்டு நின்றார். நான் டீ டம்ளர்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தேன்.